நீச்சல் பழகுவோரின் தோள்பட்டைக் காயங்கள்: தடுக்க உதவும் வலுப்பயிற்சிகள்

நீச்சலில் உடலை முன்னோக்கிச் செலுத்தும் விசையின் பெரும்பகுதி கைகளிலிருந்து கிடைக்கிறது. அதனால் நீச்சல் பழகுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் வலி தோள்பட்டை வலியாகும். 1974ஆம் ஆண்டில் கென்னடி, ஹாக்கின்ஸ் என்னும் கனடா நாட்டு மருத்துவர்கள் இதனை ‘நீச்சல் வீரர் தோள்’ என்னும் பெயரால் மருத்துவ இதழொன்றில் விவரித்தனர். அப்பெயரே இன்றும் வழக்கில் உள்ளது.

இப்பக்கம், முறையாக நீச்சல் பழகும் சிறுவர், இளைஞர், பெரியவர் ஆகியோருக்கும் அவர்களைப் பேணும் பெற்றோருக்கும் எழுதப்பட்டது. இதில் கூறப்படும் பயிற்சிகளை வீட்டிலேயே, மிகக் குறைந்த செலவில் செய்யலாம்.

முக்கியக் குறிப்புகள்

• நீந்துவதால் மார்பு, முதுகுத் தசைகள் வலுவடையும். தோள் மூட்டைப் பிடித்து நிறுத்தும் சிறு தசைகள் அதே அளவுக்கு வலுவடைவதில்லை. அவற்றுக்குத் தரையில் தனிப்பயிற்சி தேவை.
• வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு 15 முதல் 20 நிமிடம் போதுமானது.
• நீந்தும் தூரத்தைத் திடீரெனக் கூட்டுவது தோள் காயத்திற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.
• தோள் மூட்டில் வலியுடன் நீந்துவது பயிற்சியின் இயல்பான பகுதியன்று. வலியை மறைக்க மாத்திரை உட்கொண்டு நீந்துதல் கூடாது.

தோள் மூட்டு எவ்வாறு அமைந்துள்ளது?

நம் உடலில் எல்லாத் திசைகளிலும் மிகுதியாக அசையக்கூடிய மூட்டு தோள் மூட்டாகும். மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் பொருந்தியுள்ளது. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்தினுள் அமர்ந்திருக்கிறது. தோளிலோ சிறிய தட்டின்மேல் பெரிய பந்தை வைத்தது போன்ற அமைப்பே உள்ளது. கை இவ்வளவு தாராளமாகச் சுழல்வதற்கு இவ்வமைப்பே காரணம். இம்மூட்டு எளிதில் நிலைகுலைவதற்கும் இதுவே காரணம்.

பந்து குழியை விட்டு விலகாமல் காப்பவை முதன்மையாகத் தசைகளே. அவற்றை இரண்டு குழுக்களாகப் புரிந்துகொள்ளலாம்.

முதலாவது, சுழல்தசைத் தொகுதி. மருத்துவர்கள் இதனை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்பர். நான்கு சிறு தசைகளின் தசைநாண்கள் மேற்கை எலும்பின் தலையைச் சட்டைக் கையின் பட்டிபோலச் சூழ்ந்து, பந்தைக் குழியின் நடுவில் அழுத்திப் பிடிக்கின்றன.

இரண்டாவது, தோள்பட்டை எலும்பை இயக்கும் தசைகள். முதுகின் மேற்புறத்தில் இறக்கைபோல் அமைந்துள்ள இவ்வெலும்பு, கையை உயர்த்தும்போதெல்லாம் விலா எலும்புகளின்மீது சறுக்கி மேல்நோக்கித் திரும்ப வேண்டும். அது சரியாகத் திரும்பாவிடில், மேற்கை எலும்பின் தலைக்கும் தோள் உச்சி எலும்புக்கும் இடையே உள்ள தசைநாண்கள் உரசலுக்கும் அழுத்தத்திற்கும் உள்ளாகும்.

நீச்சலில் தோள் ஏன் பாதிக்கப்படுகிறது?

ஒரு எளிய கணக்கைப் பாருங்கள். 25 மீட்டர் நீளமுள்ள குளத்தை ஒருமுறை கடக்க, இரு கைகளாலும் சேர்த்து 20 வீச்சுகள் தேவைப்படுவதாகக் கொள்வோம். இரண்டு கிலோமீட்டர் நீந்த அக்குளத்தை 80 முறை கடக்க வேண்டும். மொத்தம் 1,600 வீச்சுகள். ஒவ்வொரு தோளுக்கும் 800 சுழற்சிகள். வாரத்தில் ஐந்து நாள் நீந்தினால் 4,000. ஆண்டில் 50 வாரம் நீந்தினால் ஒவ்வொரு தோளும் இரண்டு இலட்சம் முறை சுழல்கிறது. போட்டிகளுக்குப் பயில்வோர் இதைவிடப் பலமடங்கு நீந்துகின்றனர்.

ஒவ்வொரு வீச்சிலும் கை தலைக்கு மேல் நீண்டு, தண்ணீரைப் பிடித்து, உடலை அதன்மீது இழுத்துச் செல்கிறது. இவ்விழுப்பைச் செய்பவை மார்புத் தசையும் முதுகின் அகன்ற தசையும் ஆகும். அவை கையை உட்புறமாகச் சுழற்றும் தன்மையுடையவை. நீந்த நீந்த அவை பெரிதாகின்றன. கையை வெளிப்புறமாகச் சுழற்றிப் பந்தை நடுவில் நிறுத்தும் சிறு தசைகளோ அதற்கு ஈடாக வளர்வதில்லை. இதனால் முன்பக்கம் வலுத்தும் பின்பக்கம் மெலிந்தும் போகின்றன. தோள்கள் முன்னோக்கிக் கூனுகின்றன. தசைகள் களைப்படைந்த பின்னரும் நீந்தினால் பந்து நடுவிலிருந்து சற்றே விலகி, தசைநாண் நசுங்கத் தொடங்குகிறது. ஒரே நாளில் இது நிகழ்வதில்லை. ஆயிரக்கணக்கான வீச்சுகளில் சிறிது சிறிதாகச் சேர்ந்து வருவது இக்காயம்.

நெடுந்தூரக் கடல் நீச்சலில் இச்சுமை இன்னும் கூடும். 1971ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன், பாக்கு நீரிணையை அங்கிருந்து கோடியக்கரை வரையிலும் மீண்டும் அங்கிருந்து வல்வெட்டித்துறை வரையிலும் ஏறத்தாழ 51 மணி நேரத்தில் நீந்திக் கடந்தார். 1994ஆம் ஆண்டில் தமிழகத்தின் குற்றாலீஸ்வரன், 12 வயதுச் சிறுவராகப் பாக்கு நீரிணையைக் கடந்தார். நிமிடத்திற்கு 60 வீச்சுகள் எனக் கொண்டால், ஒரு மணி நேரக் கடல் நீச்சலில் 3,600 வீச்சுகள் ஆகின்றன. இத்தகைய சாதனைகளைக் கேட்டுத் தம் பிள்ளைகளையும் நெடுந்தூரம் நீந்தவைக்க விரும்பும் பெற்றோர், சுமையைத் தாங்குமாறு தோளைப் படிப்படியாக ஆயத்தம் செய்வதே முதல் வேலை என்பதை உணர வேண்டும்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

• முன்பே தோள் காயம் அடைந்தவர்கள்.
• இடைவெளிக்குப் பின் திடீரென மிகுதியாக நீந்துபவர்கள். பொதுத்தேர்வுக்காக இரண்டு மூன்று மாதங்கள் நீச்சலை நிறுத்திய மாணவர், தேர்வு முடிந்ததும் கோடைப் பயிற்சி முகாமில் நாளுக்கு இருவேளை நீந்துவது இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.
• மூட்டுகள் இயல்பிலேயே மிகையாக வளையும் தன்மை உடையவர்கள். கட்டைவிரலை மடக்கி முன்கையில் தொட முடிவது, முழங்கை பின்புறமாக வளைவது ஆகியவை இதன் அடையாளங்கள்.
• ஃப்ரீஸ்டைல், பட்டர்ஃபிளை ஆகிய நீச்சல் முறைகளை மட்டுமே தொடர்ந்து பயில்பவர்கள்.
• பணியிடத்திலும் தோளுக்கு மிகுந்த வேலை கொடுப்பவர்கள்.

கடைசியாகக் கூறப்பட்டது பொன்னேரி வட்டாரத்தினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. பழவேற்காடு ஏரியில் வலை இழுப்பவர், படகு தள்ளுபவர், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் தலைக்கு மேல் கையை உயர்த்திப் பற்றவைப்பு, பொருத்துதல், சரக்கு அடுக்குதல் போன்ற பணிகளைச் செய்பவர் ஆகியோரின் தோள்கள் பணி முடியும்போதே களைத்திருக்கும். அதே மாலையில் கடுமையாக நீந்தினால், களைத்த தசைகளின்மீது மேலும் சுமை ஏறும். சென்னையில் உள்ள நீச்சல் குளங்களுக்குப் புறநகர் மின்ரயிலில் சென்று வரும் மாணவர்கள், கனமான பையை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு, மறுகையால் மேல் கைப்பிடியைப் பற்றியபடி நெடுநேரம் நிற்பதையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். பையை இரு தோள்களிலும் மாட்டுங்கள். பற்றிக்கொள்ளும் கையை அவ்வப்போது மாற்றுங்கள்.

தொடக்க அறிகுறிகள்

• நீந்தி முடித்தபின் தோளின் முன்பக்கத்திலோ மேற்பக்கத்திலோ மந்தமான வலி.
• சட்டை அணியும்போது, தலை வாரும்போது, மேலடுக்கில் உள்ள பாத்திரத்தை எடுக்கும்போது சுருக்கென்ற வலி.
• அந்தப் பக்கமாகப் படுத்து உறங்க இயலாமை.
• ஒரு கை முன்போல் தண்ணீரைப் பிடிக்காமல் நழுவுவதாகத் தோன்றுதல்.
• முழங்கை தாழ்ந்து வீச்சு குறுகுதல். இதனைப் பயிற்சியாளரோ பெற்றோரோ கரையிலிருந்தே கண்டறியலாம்.

வலி தொடக்கத்தில் நீந்திய பிறகு மட்டும் இருக்கும். அடுத்த கட்டத்தில் நீந்தும்போதே வலிக்கும். அதையும் பொருட்படுத்தாவிடில் ஓய்விலும் இரவிலும் வலிக்கும். முதற்கட்டத்தில் கவனித்தால் குணமாகும் காலம் குறையும்.

பயிற்சிக்கு முன் அறிய வேண்டியவை

தேவையான பொருட்கள்: விளையாட்டுப் பொருள் கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் உடற்பயிற்சி ரப்பர் பட்டை ஒன்று, அரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள் இரண்டு, துண்டு ஒன்று, பாய் ஒன்று. ரப்பர் பட்டை கிடைக்காவிடில், நீளவாக்கில் அறுத்த சைக்கிள் ட்யூபைப் பயன்படுத்தலாம். ஒவ்வொரு முறையும் பட்டையில் விரிசல் உள்ளதா எனப் பாருங்கள். அறுந்து தெறித்தால் கண்ணில் காயம் ஏற்படும். அசையாத ஜன்னல் கம்பியிலோ தூணிலோ இறுகக் கட்டுங்கள்.

எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும்? ஒவ்வொரு பயிற்சியையும் 12 முதல் 15 முறை செய்யுங்கள். கடைசி மூன்று முறை சற்றுக் கடினமாகவும், ஆயினும் உடலை வளைக்காமல் செய்யக்கூடியதாகவும் இருந்தால் அது சரியான எடை. ஒரு நிமிடம் ஓய்வெடுத்து மீண்டும் ஒருமுறை அதே எண்ணிக்கையில் செய்யுங்கள்.

எப்போது செய்யலாம்? நீந்துவதற்குச் சற்று முன் களைப்படையும்வரை இவற்றைச் செய்ய வேண்டாம். களைத்த சிறு தசைகளுடன் தண்ணீரில் இறங்குவது நன்மை தராது. நீந்திய பிறகோ நீச்சல் இல்லாத நாளிலோ செய்யுங்கள். தொடங்குமுன் ஐந்து நிமிடம் விரைவாக நடந்து, கைகளை மெல்லச் சுழற்றி உடலைச் சூடேற்றுங்கள்.

தசையில் ஓரிரு நாள் இலேசான வலி இருப்பது இயல்பு. மூட்டின் உள்ளே கூர்மையான வலி தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

ஆறு வலுப்பயிற்சிகள்

1. சுவர்த் தண்டால்

சுவரிலிருந்து ஓர் அடி எட்ட நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றுங்கள். முழங்கைகளை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டு சென்று, மீண்டும் நீட்டுங்கள். கை முழுவதும் நீண்ட பின்னர், முதுகின் மேற்பகுதி பின்னோக்கிச் செல்லுமாறு சுவரை மேலும் சற்றுத் தள்ளி, இரண்டு எண்ணும் வரை நிறுத்துங்கள். இக்கடைசித் தள்ளலே பயிற்சியின் உயிர்ப்பகுதி. தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து நிறுத்தும் தசை இதனால் வலுப்பெறுகிறது. தண்ணீரைப் பிடித்து இழுக்கும் நேரம் முழுவதும் உழைக்கும் தசை இதுவாகும். எளிதானதும் மேசை விளிம்பிலும், பின்னர் தரையிலும் செய்யலாம்.

2. பட்டையைப் பின்னோக்கி இழுத்தல்

பட்டையின் நடுப்பகுதியை ஜன்னல் கம்பியில் மார்பு உயரத்தில் கட்டி, இரு முனைகளையும் பிடித்து நில்லுங்கள். முழங்கைகளை உடலை ஒட்டிப் பின்னோக்கி இழுங்கள். இரு தோள்பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று நெருங்க வேண்டும். இரண்டு எண்ணும் வரை நிறுத்தி, மெல்ல விடுங்கள். தோள்கள் காதை நோக்கி உயரக் கூடாது. முன்னோக்கிக் கூனிய தோள்களை நேராக்க இது உதவும்.

3. கையை வெளிப்புறமாகச் சுழற்றுதல்

பட்டையை முழங்கை உயரத்தில் கட்டுங்கள். பயிற்சி செய்யும் கை கட்டிய இடத்திற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்குமாறு பக்கவாட்டில் நில்லுங்கள். சுருட்டிய துண்டை முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே வைத்து, முழங்கையை 90 பாகையில் மடக்குங்கள். முழங்கை நகராமல், முன்கையை மட்டும் கதவு திறப்பதுபோல் வெளிப்புறமாகத் திருப்புங்கள். திரும்பி வரும்போது மூன்று எண்ணியபடி மெல்ல வாருங்கள். துண்டு கீழே விழுந்தால் முழங்கை விலகிவிட்டது என்று பொருள். சுழல்தசைத் தொகுதியின் பின்பகுதியை வலுவாக்கும் இப்பயிற்சி, இவ்வாறில் மிக முதன்மையானது. கையை உட்புறமாகச் சுழற்றும் தசைகளுக்கு நீச்சலே போதிய உழைப்பைத் தருவதால் அதற்கெனத் தனிப்பயிற்சி இங்கு சேர்க்கப்படவில்லை.

4. கட்டைவிரல் மேல்நோக்கிக் கையை உயர்த்துதல்

இரு கைகளிலும் தண்ணீர்ப் புட்டிகளைப் பிடித்து நில்லுங்கள். கட்டைவிரல்கள் மேல்நோக்கி இருக்கட்டும். கைகளை நேர் முன்பக்கமாகவோ நேர் பக்கவாட்டிலோ உயர்த்தாமல், இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வான திசையில் தோள் உயரம் வரை மட்டும் உயர்த்தி, மெல்ல இறக்குங்கள். கட்டைவிரல் கீழ்நோக்கியவாறு உயர்த்தினால் தசைநாண் அழுத்தப்படும். சிறுவர்கள் வெறுங்கையுடன் தொடங்கலாம்.

5. குப்புறப் படுத்துக் கைகளை உயர்த்துதல்

பாயில் குப்புறப் படுத்து, நெற்றியின் கீழ் மடித்த துண்டை வையுங்கள். கைகளைப் பக்கவாட்டில் நேராக நீட்டி, கட்டைவிரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு தரையிலிருந்து சற்றே உயர்த்தி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி இறக்குங்கள். பத்து முறை செய்த பின், கைகளைத் தலைக்கு மேல் சாய்வாக நீட்டி, அதேபோல் பத்து முறை செய்யுங்கள். இதற்கு எடை தேவையில்லை. தோள்பட்டை எலும்பைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடிக்கும் தசைகள் இதனால் வலுவடையும்.

6. முழங்கை ஊன்றிய நிலை

முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் தரையில் ஊன்றி, தலை முதல் குதிகால் வரை ஒரே நேர்கோட்டில் உடலை உயர்த்தி நிறுத்துங்கள். 20 நொடியில் தொடங்கி 45 நொடி வரை கூட்டலாம். மூச்சை அடக்க வேண்டாம். வயிறும் இடுப்பும் உறுதியாக இருந்தால் நீந்தும்போது உடல் ஒரே கட்டையாக இருபுறமும் உருளும். உடல் உருளாவிடில் அந்த வேலை முழுவதும் தோளின்மேல் விழும்.

தசை நீட்சிப் பயிற்சிகள்: ஓர் எச்சரிக்கை

நீச்சல் பழகுவோரின் தோள்கள் பெரும்பாலும் போதுமான அளவுக்கு நெகிழ்வானவையே. ஒருவர் பின்னால் நின்று மற்றவரின் இரு கைகளையும் முதுகுக்குப் பின்புறம் சேர்த்து இழுக்கும் பழக்கம் சில குளங்களில் இன்னும் உள்ளது. இது மூட்டின் முன்புறத் தசைநார்களைத் தளர்த்தி, மூட்டு நிலைகுலைய வழிவகுக்கும். இதனைச் செய்யவும் செய்விக்கவும் வேண்டாம்.

மார்பு இறுக்கமாக இருப்பவர்கள், வாசற்படி நிலையில் முன்கையை வைத்து உடலை மெல்ல முன்னே சாய்த்து 20 நொடி நிற்கலாம். தோளின் பின்பக்கம் இறுக்கமாக இருப்பவர்கள், ஒரு கையை மார்பின் குறுக்கே கொண்டுவந்து மறுகையால் மெல்ல அணைத்துப் பிடிக்கலாம். மூட்டுகள் மிகையாக வளையும் தன்மை உடையவர்கள் இயன்முறை மருத்துவரின் அறிவுரையின்றி இவற்றைச் செய்ய வேண்டாம்.

படிப்படியான திட்டம்

முதல் இரண்டு வாரம்: ஆறு பயிற்சிகளும், ஒவ்வொன்றும் ஒரு சுற்று, வாரத்தில் மூன்று நாள். சரியான நிலையைக் கற்பதே இக்கட்டத்தின் நோக்கம்.

மூன்றாம், நான்காம் வாரம்: ஒவ்வொன்றும் இரண்டு சுற்று.

ஐந்தாம், ஆறாம் வாரம்: இரண்டு சுற்றுகளும் எளிதாக இருந்தால் சற்றுக் கடினமான பட்டைக்கு மாறுங்கள், அல்லது மூன்றாவது சுற்றைச் சேருங்கள்.

அதன் பின்னர்: நீந்தும் காலம் முழுவதும் வாரத்தில் இரண்டு நாளாவது தொடருங்கள். நிறுத்திவிட்டால் பெற்ற வலு சில வாரங்களில் குறையத் தொடங்கும்.

நீந்தும் தூரத்திற்கும் இதே ஒழுங்கு தேவை. வாரத்தின் மொத்தத் தூரத்தை, முந்தைய வாரத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்ல நடைமுறை. வாரத்திற்கு 5 கிலோமீட்டர் நீந்துபவர் அடுத்த வாரம் 5.5 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டாம். ஒரு மாதத்திற்கு மேல் நீந்தாதவர், முன்பு நீந்திய தூரத்தில் பாதி அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளாவது தோளுக்கு முழு ஓய்வு அளியுங்கள்.

தண்ணீரில் கவனிக்க வேண்டியவை

• கை தண்ணீரில் நுழையும்போது தலையின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் செல்லக் கூடாது. தோளுக்கு நேரே நுழையட்டும். கட்டைவிரலை முதலில் நுழைக்காமல் விரல்நுனிகளை நுழையுங்கள்.
• ஒரே பக்கம் திரும்பி மூச்சு வாங்குவதைத் தவிர்த்து, இருபுறமும் மூச்சு வாங்கப் பழகுங்கள்.
• கையில் மாட்டும் துடுப்புத் தகடுகள் தோளின் சுமையைக் கூட்டும். வளரும் பருவத்தினரும் தோள் வலி உள்ளவர்களும் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.
• தோள் வலிக்கும்போது பலகையை முன்னால் நீட்டிப் பிடித்துக் கால் உதைப்பதும் வலியைக் கூட்டும். கைகளை உடலோடு வைத்து மல்லாந்து உதைக்கலாம்.
• பழவேற்காடு முகத்துவாரம், ஆரணியாறு, கடல் போன்ற இடங்களில் நீர்ச்சுழலும் இழுப்பும் உண்டு. தோள் களைத்தவரும் வலி உள்ளவரும் அங்கு நீந்துவது உயிருக்கே ஆபத்தாகும். பயிற்சியை உயிர்காப்பாளர் உள்ள குளத்தில் மட்டும் மேற்கொள்ளுங்கள்.

பெற்றோர் மற்றும் பராமரிப்பாளர் கவனத்திற்கு

பிள்ளைகள் தம் வலியை எளிதில் சொல்வதில்லை. போட்டிக்கான தேர்வில் பெயர் விடுபடும் என்றோ, பயிற்சியாளர் சோம்பல் எனக் கருதுவார் என்றோ, செலவிட்ட பெற்றோர் வருந்துவர் என்றோ அஞ்சி மறைப்பர். ஆகவே “இன்று எத்தனை சுற்று நீந்தினாய்?” என்று கேட்பதோடு, “தோள் எப்படி இருக்கிறது?” என்றும் நாள்தோறும் கேளுங்கள். வலிக்கிறது என்று கூறும் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஒருமுறை கடிந்தால் அடுத்த முறை கூறாது.

வளரும் பருவத்தில் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தகடுகள் உள்ளன. இடைவிடாத சுமை அவற்றையும் பாதிக்கலாம். சிறு வயதிலேயே ஆண்டு முழுவதும் ஒரே விளையாட்டில் ஈடுபடுத்துவதைத் தவிர்த்து, மற்ற விளையாட்டுகளுக்கும் இடம் கொடுங்கள்.

ஒரு தாளில் நாள், நீந்திய தூரம், வலி அளவு (0 முதல் 10 வரை) ஆகிய மூன்றையும் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் செல்லும்போது இத்தாள் பெரிதும் உதவும்.

வலி வந்துவிட்டால்

1. வலியைத் தூண்டும் நீச்சல் முறையை நிறுத்துங்கள். வலியில்லாத அசைவுகளைத் தொடரலாம். கையைக் கட்டித் தொங்கவிட்டு அசையாமல் வைத்திருப்பது மூட்டை இறுகச் செய்யும்.
2. துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். தோலின்மீது நேரடியாக வைக்கக் கூடாது.
3. வலி நிவாரணி மாத்திரைகளை மருத்துவரின் பரிந்துரையின்றித் தொடர்ந்து உட்கொள்ளாதீர்கள். இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகப் பாதிப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தீங்கு விளைவிக்கலாம்.
4. வலி குறைந்தபின், முன்பு நீந்திய தூரத்தில் பாதிக்கும் குறைவாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

இரண்டு வார ஓய்வுக்குப் பின்னும் வலி நீடித்தால், இரவில் வலியால் விழிப்பு வந்தால், கையை உயர்த்த இயலாவிடில், மூட்டு நழுவுவதுபோல் தோன்றினால், கையில் மரத்துப்போதலோ பலவீனமோ இருந்தால் மருத்துவரை அணுகுங்கள். பொன்னேரி அரசு மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவில் முதலில் காட்டலாம். தேவைப்பட்டால் எலும்பு மூட்டு மருத்துவர், இயன்முறை மருத்துவர் ஆகியோரிடம் பரிந்துரைக்கப்படுவீர்கள்.

கீழே விழுந்தோ மோதியோ தோளின் வடிவம் மாறியிருந்தால் மூட்டு நழுவியிருக்கலாம். அதனை இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், பிறரையும் முயலவிடாதீர்கள். நரம்பும் இரத்தக் குழாயும் பாதிக்கப்படக்கூடும். கையை உள்ள நிலையிலேயே துணியால் தாங்கி மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். காய்ச்சலுடன் மூட்டு சிவந்து சூடாகி வீங்கினாலும் அதே நாளில் வர வேண்டும்.

தோள் வலியுடன் மார்பு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியவை சேர்ந்து வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பிற மருத்துவ ஆலோசனைகளுக்கு 104 எண்ணை அழைக்கலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலுப்பயிற்சி செய்தால் பிள்ளையின் உயரம் குறையுமா?
குறையாது. வயதுக்கேற்ற எடையில், மேற்பார்வையுடன் செய்யும் வலுப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. ஏறத்தாழ எட்டு வயதிலிருந்து, சொல்வதைப் புரிந்து செய்யக்கூடிய பிள்ளைகள் எடையின்றித் தொடங்கலாம்.

வலி உள்ளபோது இப்பயிற்சிகளைச் செய்யலாமா?
இப்பக்கத்தில் உள்ளவை தடுப்புப் பயிற்சிகள். வலி உள்ளவர்களுக்கு எப்பயிற்சி, எவ்வளவு என்பதை இயன்முறை மருத்துவர் பரிசோதித்துக் கூற வேண்டும்.

உடனே எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வேண்டுமா?
பெரும்பாலும் தேவையில்லை. வலியே இல்லாத நீச்சல் வீரர்களின் ஸ்கேனிலும் தசைநாண் தடிப்பு காணப்படுவதுண்டு. மருத்துவரின் நேரடிப் பரிசோதனையே முதலில் வேண்டும்.

எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?
மெல்லத் தேய்ப்பது தற்காலிக இதம் தரும். சுளுக்கு எடுப்பதாகக் கையை முறுக்கி இழுப்பது காயத்தைப் பெரிதாக்கும்.

நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் தொடங்கலாமா?
தொடங்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ‘உறைந்த தோள்’ என்னும் மூட்டு இறுக்க நோய் மிகுதியாக வருகிறது. கையை எல்லாத் திசைகளிலும் உயர்த்த இயலாதவர்கள், நீச்சல் தொடங்குமுன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இப்பயிற்சிகளைச் செய்தால் காயமே வராதா?
அவ்வாறு உறுதி கூற இயலாது. வலுப்பயிற்சி, படிப்படியாகத் தூரம் கூட்டுதல், சரியான வீச்சு, போதிய ஓய்வு ஆகிய நான்கும் சேர்ந்தே தோளைக் காக்கின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றால் ஈடுசெய்ய முடியாது.

குறிப்பு: இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகின்றன. இவை மருத்துவரின் நேரடிப் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் மாற்றாகா. இதய நோய், கட்டுப்பாடற்ற இரத்த அழுத்தம், அண்மையில் அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகிய நிலைகளில் உள்ளவர்கள் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரின் அறிவுரையைப் பெறவும்.